நல்ல வாள் வாங்கிய ஆண்டு

மரவேலையை நான் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. கொரோனா ஊரடங்கில் பாடசாலை மூடிக் கிடந்த மாதங்களில் கைத்தொலைபேசியில் பார்த்துப் பழகினேன். அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. கிளிநொச்சியில் ஒரு பாடசாலையில் பத்தாம், பதினோராம் வகுப்புகளுக்குக் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மகள் கலியாணம் முடித்து மட்டக்களப்புக்குப் போய்விட்டாள். வீட்டில் நானும் கணவரும்தான். அவருக்கு இரணைமடுக் குளத்து வாய்க்கால்களைப் பார்க்கும் வேலை. ஊரடங்கென்றாலும் வயலுக்குத் தண்ணீர் போகத்தானே வேண்டும். அனுமதிக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காலையில் போய்விடுவார். நான் தனியே இருந்தேன்.

முதலில் செய்தது குசினியில் தூள் போத்தல்கள் வைக்க ஒரு தட்டு. சாமான் வந்த பழைய பெட்டிப் பலகையை உடைத்துச் செய்தேன். அது ஒரு பக்கம் சரிந்து நின்றது. வைத்த போத்தல்கள் மெல்ல நகர்ந்து ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவர் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்தத் தட்டின் ஒரேயொரு மூலை மட்டும் சரியாக வந்திருந்தது. இருபது வருடமாக வகுப்பில் செங்கோணம் கீறிக் காட்டியிருக்கிறேன். என் கையால் அறுத்த இரண்டு பலகைகள், இடையில் வெளிச்சம் தெரியாமல், உண்மையிலேயே செங்கோணத்தில் சந்தித்து நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். குசினிக்குள் போகும்போதெல்லாம் அந்த மூலையை ஒரு தரம் விரலால் தடவுவேன்.

அதன் பிறகு தச்சு ஆயுதங்கள் வாங்கத் தொடங்கினேன். டவுனில் இருக்கும் ஒரு கடையில் ஒரு கைவாள், பலகை இழைக்க ஒரு சீவுளி, பிளாஸ்டிக் உறையில் மூன்று உளிகள், ஒரு மூலைமட்டம். எல்லாம் ஆக மலிவானவை. வீட்டுக்கு வந்து மூலைமட்டத்தைப் பலகையில் வைத்து ஒரு கோடு கீறினேன். அதைத் திருப்பிப் போட்டு அதே இடத்தில் இன்னொரு கோடு கீறினேன். இரண்டு கோடும் ஒன்றாக விழவில்லை. மேலே போகப் போக விலகிப் போயின. திருப்பிக் கொண்டுபோய்க் கடைக்காரருக்குக் காட்டினேன்.

அவர் பார்த்துவிட்டு, "ரீச்சர், இந்த விலைக்குத் தொண்ணூறு பாகை வராது. எண்பத்தொன்பதுக்குக் கிட்ட வரும்," என்றார்.

பாடசாலை தொடங்கியபின் அதை ஆசிரியர் அறையில் சொல்லிப் பல நாள் சிரித்தோம். வேறு மூலைமட்டம் அவரிடம் இருக்கவில்லை. கடதாசியை நாலாக மடித்து அதன் மூலையை வைத்துத்தான் கொஞ்சக் காலம் கோடு கீறினேன்.

மலிவானதை வாங்குவதா, தொழில் செய்பவர்கள் பாவிப்பதை வாங்குவதா என்ற கேள்வி அப்போதே எனக்குள் வந்துவிட்டது. என்னைப் போலப் பொழுதுபோக்குக்குச் செய்பவர்கள் எழுதுவதைத் தேடித் தேடி வாசித்தேன். சிலர் மலிவாகத் தொடங்கு, எது உடைகிறதோ அதை மட்டும் நல்லதாக வாங்கு என்றார்கள். சிலர் ஒரே தரம் நல்லதாக வாங்கிவிடு, மோசமான ஆயுதம் பழகுபவரின் மனத்தை முறித்துவிடும் என்றார்கள். இரண்டும் எனக்குச் சரியாகத்தான் பட்டன. கடைசியில் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். முதலில் கை பழகட்டும். கை பழகியபின் நல்லதை வாங்கலாம். அதுவரை கோடு கோணினால் அது என்னுடைய பிழை அல்ல, வாளுடைய பிழை. இப்படி ஒரு சமாதானம் இருந்ததால் நான் மனம் தளரவில்லை. எது பிழைத்தாலும் பழியைப் போட ஒன்று கையில் இருந்தது.

பாடசாலை திறந்தது. பிறகு பெற்றோல் இல்லாத காலம், மின்சாரம் இல்லாத காலம். அதற்குள்ளும் சனி, ஞாயிறில் பின் விறாந்தையில் நின்று ஏதாவது அறுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெட்டி, இரண்டு குட்டிக் கதிரை, அவருடைய சைக்கிள் சாமான்கள் போட ஒரு சின்ன அலுமாரி. ஒரு சீனத்து மின்வாளும் வாங்கினேன், வட்ட அலகு வைத்தது. அதன் அடித்தட்டு பெட்டியைத் திறந்தபோதே கொஞ்சம் வளைந்திருந்தது. சுத்தியலால் தட்டி நேராக்கினேன்.

இரண்டாவது வருடம் என் வேலை நன்றாக வந்தது. அதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் பிறகு யாரும் அதை நம்பப்போவதில்லை. விரலுக்குள் விரல் கோத்ததுபோல மூலைகள் ஒன்றுக்குள் ஒன்று போகும் ஒரு பெட்டி செய்தேன். ஆணி இல்லை, பசை மட்டும். மகளிடம் அது இருக்கிறது. அதை அவள் வளையல் போட வைத்திருக்கிறாள்.

மூன்றாவது வருடம் வேலை பின்னுக்குப் போகத் தொடங்கியது. சீவுளி பலகையில் ஓடும்போது நடுவில் நின்று நின்று ஓடியது. அலகு மழுங்கிவிட்டது என்று நினைத்துத் தீட்டினேன். உளி கீறிய குறியை விட்டு விலகியது. பிடி சரியில்லை என்று துணி சுற்றினேன். மலிவுச் சாமான் இவ்வளவு காலம் உழைத்ததே பெரிது என்று நினைத்தேன்.

பாடசாலையில் பின் வாங்கில் இருந்த பிள்ளைகள் முறையிட்டார்கள்.

"ரீச்சர், எழுத்து சின்னனாக் கிடக்கு. எங்களுக்குத் தெரியேல்லை."

நான் பெரிதாகத்தான் தொடங்கினேன். வரியின் முடிவுக்குப் போகும்போது எழுத்து தானாகச் சுருங்கியிருந்தது. புது மார்க்கர் சரியில்லை, நுனி பிழை என்று அவர்களுக்குச் சொன்னேன். எனக்கும் அதைத்தான் சொன்னேன்.

அந்த வருடம்தான் வீட்டு வளவில் நின்ற வேம்பைத் தறிக்க வேண்டி வந்தது. மின்கம்பிக்கு மேல் சாய்ந்துவிட்டது. கிராம அலுவலரிடம் கடிதம் எடுத்துத் தறித்தோம். தடியான மரம். விற்றுவிடலாம் என்று கணவர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். மகளும் மருமகனும் வந்தால் நாலு பேர், இரண்டு பேரப்பிள்ளைகள் ஓடித்திரியும் காலம் வந்தால் ஆறு பேர். எங்களிடம் இருந்தது பிளாஸ்டிக் மேசை. ஆறு பேர் இருந்து சாப்பிட ஒரு மேசை செய்வேன் என்று மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

அரிவு ஆலைக்காரர் மரத்தை எடுக்கும் முன் இரும்பு காட்டும் கருவி ஒன்றைப் பிடித்து நீளத்துக்குப் பார்த்தார். எங்கள் பக்கத்து மரம் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் பார்ப்பார்கள். உள்ளே யுத்த காலத்துச் செல் துண்டு இருந்தால் அலகு போய்விடும். ஐந்து இடத்தில் சோக்கால் வட்டம் போட்டார்.

"இது முழுக்கச் சொல்ல ஏலாது ரீச்சர். சின்னத் துண்டெண்டால் இதுக்கும் பிடிபடாது. வீட்டில அறுக்கேக்க கவனம்," என்றார்.

பலகைகளைக் கொண்டுவந்து விறாந்தையில் இடைவெளி விட்டு அடுக்கினோம். பல மாதம் காய விட்டோம். அறுத்த வேம்பு மணக்கும் என்பார்கள். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. காய்ந்துபோன மரம், மணம் போய்விட்டது என்று நினைத்தேன். கணவர் பலகைக்குக் கிட்ட வந்தாலே தும்முவார்.

"வேம்புக் கைப்பு மூக்கில ஏறுது," என்பார்.

ஒரு சனிக்கிழமை காலை மின்வாளால் முதல் பலகையை அறுக்கத் தொடங்கினேன். அவர் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். வாள் பாதி தூரம் போனது. பிறகு எதிலோ இடித்துத் துள்ளியது, திரும்ப விழுந்து இறுகி நின்றது. நான் விசையை விடவில்லை. ஏன் விடவில்லை என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. விட வேண்டும் என்று தெரிந்தது, விரல் வரவில்லை. அவர் ஈரக் கையோடு ஓடி வந்து மின்செருகியைப் பிடுங்கினார்.

"எரியிற மணம் கிணத்தடி வரைக்கும் வருது. பக்கத்தில நிக்கிற உமக்குத் தெரியேல்லையோ?"

அப்போதுதான் வாளின் பின்பக்கத்தால் புகை வருவதைக் கண்டேன். மணக்கவில்லை. கண்ணால்தான் கண்டேன். அலகில் நாலு பல் போயிருந்தது. பலகைக்குள் நெல்மணி அளவில் ஒரு கறுப்பு இரும்பு.

அவர் கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருத்தினார். பிறகு சொன்னார், "காணும். இனி மின்வாள் வேண்டாம். கைவாளோட சின்னச் சாமான் ஏதாவது செய்யும்."

"மலிவு வாள் எண்டபடியால்தான் துள்ளினது. நல்லதெண்டால் இறுகின உடனை தானா நிண்டிருக்கும்," என்றேன்.

"பொழுதுபோக்குக்குத்தானே செய்யிறீர். அதுக்கு இது போதும்."

"இதுதானே எரிஞ்சு போச்சு."

"அப்ப இதையே இன்னொண்டு வாங்குவம். தொழில் செய்யிற ஆக்கள் வைச்சிருக்கிறது உமக்கு ஏன்?"

அந்தக் கடைசி வார்த்தை என்னைச் சுட்டது. திருமணமாகி இருபத்தைந்து வருடத்தில் அவர் எனக்கு எதையும் மறுத்தவர் அல்ல. என் உழைப்பில் எனக்கு ஒரு நல்ல ஆயுதம் வாங்குவது அவருக்கு ஏன் பிடிக்கவில்லை என்று யோசித்து யோசித்து ஒரு கிழமை அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஒரு பெண் கையில் அது எதற்கு என்று நினைக்கிறார் என்றுதான் முடிவு செய்தேன். அவரைப் பற்றி அப்படி ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்தக் கிழமை நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவருக்குச் சொல்லாமல் வவுனியாவுக்கு பஸ் ஏறினேன். புளியங்குளத்தில் பஸ் நின்றபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒரு எண்ணம் வந்தது. இறங்கவில்லை.

வவுனியாக் கடை பெரியது. ஒரு பக்கச் சுவர் முழுக்கத் தச்சுத் தொழிலாளர்கள் வாங்கும் மின்கருவிகள். கடைக்காரருக்கு என் வயது இருக்கும். ஜப்பான் வாள் ஒன்றைக் கேட்டேன்.

"வீட்டுக்காரர் வரேல்லையோ அக்கா? என்ன வேலைக்கெண்டு கேட்டவர்?"

"எனக்குத்தான். மேசை ஒண்டு செய்யப் போறன்."

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது.

"நாள் முழுக்க அறுக்கிற ஆக்களுக்குத்தான் இது, அக்கா. மேசை ஒண்டுக்கெண்டால் அங்கால கிடக்கிறதில ஒண்டை எடுங்கோவன். நான் விக்கிறவன், எனக்கு இதை வித்தால்தான் லாபம். ஆனால் சொல்லாமல் விடக்கூடாது."

"மலிவானதை வைச்சுக் காணும் எண்டு போச்சு. கோடு நேரா வருகுதில்லை."

"அப்ப ஒருக்கால் பிடிச்சுப் பாருங்கோ."

கடையின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இரண்டு தாங்கிகளுக்கு மேல் ஒரு பலகை. பென்சிலால் ஒரு கோடு கீறி, வாளை என் கையில் தந்தார். அதன் பாரம் உள்ளங்கையில் வந்து இருந்தவிதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிடி என் கைக்கென்றே செய்ததுபோல இருந்தது. விசையை அழுத்தினேன். சத்தம் சீராக எழுந்தது. வெண்ணெயில் போவதுபோல அலகு போனது. நான் மகிழ்ந்துபோனேன்.

நிறுத்திவிட்டு இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். வெட்டு கோட்டை விட்டு வெளியே போய், திரும்பி வந்து, மறுபக்கம் போயிருந்தது. பாம்பு ஊர்ந்த தடம்போல.

கடைக்காரர் வெட்டைப் பார்க்கவில்லை. பலகையில் ஊன்றியிருந்த என் வலக் கையைப் பார்த்தார். பெருவிரல் சுட்டுவிரலில் உரசிக்கொண்டிருந்தது, காசு எண்ணுவதுபோல. நான் அதைச் செய்யவில்லை. அது தானாகச் செய்துகொண்டிருந்தது. அதை நான் கண்டது அதுதான் முதல் தரம் என்று சொல்ல விருப்பம். முதல் தரம் அல்ல. வேறொருவர் காண நான் அதைக் கண்டது முதல் தரம்.

"பஸ்ஸில வந்த களைப்பாக்கும்," என்றேன்.

"ஓம் அக்கா. அப்பிடியும் இருக்கும்." கொஞ்சம் தயங்கினார். "வீட்டுக்காரரோட கதைச்சுப்போட்டு நாளைக்கு வாங்கோவன். சாமான் எங்கையும் போகாது."

அவர் அப்படிச் சொன்னபடியால்தான் உடனே வாங்கினேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பெட்டியைக் கணவர் கண்டார். திட்டுவார் என்று பதில்களை அடுக்கி வைத்திருந்தேன். அவர் பெட்டியைத் தூக்கி விறாந்தை மேசையில் வைத்துவிட்டு, தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து தந்தார்.

அடுத்த நாள் காலை பலகையை வைத்து, நேர்ச்சட்டம் ஒன்றைப் பக்கத்தில் இறுக்கி, எல்லாம் ஒழுங்காகச் செய்து அறுத்தேன். அவர் வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்தார். வாள் சட்டத்தை ஒட்டிப் போகவேண்டும், அவ்வளவுதான். அது சட்டத்தை விட்டு விலகியது. இன்னொரு பலகை. அதுவும் விலகியது. வாளை வைத்துவிட்டுக் கைவாளை எடுத்தேன். நாலு இழுப்பில் கை களைத்து நின்றது. மூன்றாவது பலகையை எடுக்கப் போக அவர் வந்து என் தோளில் கை வைத்தார்.

"விடும்," என்றார். "வாளில பிழை இல்லை."

நான் அவரைப் பார்த்தேன்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

அவர் படியில் இருந்தார். நிலத்தைப் பார்த்தபடிதான் சொன்னார். "போன வருசம் கோயிலுக்கு நடந்து போகேக்க கண்டனான். நீர் முன்னால போறீர். இடக்கை வீசுது. வலக்கை வீசேல்லை, தொங்கிக்கொண்டு போகுது. பிறகு பாத்துக்கொண்டு வந்தனான். சட்டைப் பொத்தான் போட நேரமெடுக்குது. கறி கருகினாலும் தெரியேல்லை. அந்த வாள் இறுகினாப்போல, விரல் எடுபடாமல் நிண்டதையும் கண்டனான்."

"அப்ப அதுதான் வேண்டாம் எண்டனீங்களோ?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

அவர் படியில் கிடந்த மரத்தூளைக் கையால் தள்ளினார். "சொன்னால் அது உண்மையாப் போயிடும் எண்டு நினைச்சன். வேறென்ன."

நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. ஒரு வருடம். ஒரு வருடமாக என்னைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு, மலிவு வாள் போதும் என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். நானோ அவரைக் கஞ்சன் என்றும் பெண்ணென்று குறைவாக நினைப்பவர் என்றும் மனத்துக்குள் வைத்துத் தீட்டியிருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் ஒளித்திருக்கிறோம். நான் எனக்கே ஒளித்தேன், அவர் எனக்கு ஒளித்தார். அன்று பகல் அவர் சமைத்தார். ஒரே மேசையில், ஆளுக்கொரு பக்கம் பார்த்துச் சாப்பிட்டோம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு நரம்பு வைத்தியரிடம் போனோம். இளம் வயதுப் பெண். அவா என் விரல்களைத் தட்டச் சொன்னா. எழுந்து நடக்கச் சொன்னா. ஒரு தாளைத் தந்து, நடுவில் இருந்து வெளியே சுற்றிச் சுற்றி வரும் ஒரு சுருளைக் கீறச் சொன்னா. எனக்கு அது வருத்தமாக இருந்தது. இருபது வருடத்துக்கு மேல் கவராயம் பிடித்த கை. கீறி முடித்தபோது வெளியே விரிய வேண்டிய சுருள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கசங்கிய நூல்பந்துபோலக் கிடந்தது.

"மணம் தெரியுதோ அம்மா?" என்று கேட்டா.

நான் கணவரைப் பார்த்தேன். அவர்தான் சொன்னார், "இல்லை டொக்டர்."

பார்க்கின்சன் என்று சொன்னா. மருந்து இருக்கிறது, குடித்தால் கொஞ்சக் காலம் நல்லாக இருக்கலாம், ஆனால் முற்றாகச் சுகம் வராது, மெல்ல மெல்லக் கூடிக்கொண்டு போகும் என்றா. அதைச் சுற்றி வளைக்காமல் சொன்னதற்கு அவாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். மின்வாளைப் பற்றிக் கேட்டேன். இனித் தொடவேண்டாம் என்றா.

கணவர் கேட்டார், "ஒரு வருசம் முந்தி வந்திருந்தால் டொக்டர்?"

"ஒரு வருசம் முந்தி வந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பன் ஐயா. மருந்தைக் கொஞ்சம் முந்தித் தொடங்கியிருப்பம். வருத்தத்தின்ரை போக்கு மாறியிருக்காது."

அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். அவர் மூச்சு விட்டதை நான் கேட்டேன். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அவர் மேல் வைத்திருந்த கோபத்தைக்கூட வைத்திருக்க இடமில்லாமல் போயிற்று. யாருடைய பிழையும் இல்லை என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிசர் என்ன செய்வது. வாளுடைய பிழை என்று நினைத்திருந்த காலமே நல்ல காலம். அந்தப் பிழையை மாற்றலாம், சேர்த்து வைத்து ஒரு நாள் நல்லதை வாங்கலாம் என்றாவது இருந்தது.

மருந்து தொடங்கிய முதல் மாதங்களில் கை கொஞ்சம் அடங்கியது. அந்த நாட்களில் ஒரு தரம் அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து, சீவுளியை மட்டும் எடுத்துப் பலகையில் வைத்துப் பார்த்தேன். நாலைந்து சுருள் நன்றாக வந்தது. பிறகு நின்றது. நான் அதை அவருக்குச் சொல்லவில்லை.

மேசையை விட மனமில்லாமல் ஒரு நாள் அவரே வாளை எடுத்தார். நான் கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல அவர் அறுத்தார். வாய்க்கால் கதவு தூக்கிப் பழகிய கை அது, பலம் இருக்கிறது, பொறுமை இல்லை. ஒரு கால் நீளமாகவும் மற்றது கட்டையாகவும் வந்தது. அளவைக் குறித்த கோட்டின் எந்தப் பக்கத்தில் அறுப்பது என்று மூன்று தரம் சொல்லியும் பிடிபடவில்லை. நான் குரலை உயர்த்திவிட்டேன். வகுப்பில்கூட அப்படிக் கத்தியதில்லை. அவர் வாளைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"எனக்கு இது வராது," என்றார். "வந்தாலும் அது உம்முடைய மேசையா இருக்காது."

வவுனியாக் கடைக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். திருப்பி எடுப்பாரா என்று கேட்டேன். திறந்த சாமானைக் கடை திருப்பி எடுக்காது என்றார். என்ன காரணம் என்று அவர் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே தொலைபேசி எடுத்து, வாங்க ஒரு ஆள் இருக்கிறது, நல்ல மனிசன், அனுப்பட்டோ என்று கேட்டார்.

வந்தவர் முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்பவர். கழுத்தில் சிலுவைச் சங்கிலி. கடலுக்குப் போகாத மாதங்களில் கதவு, யன்னல் செய்து கொடுப்பாராம். மோட்டார் சைக்கிளை வேப்பங்கட்டைக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தவர், "இது புதுசெல்லோ. பாவிக்கேல்லையே," என்றார்.

"நாலு தரம் பாவிச்சது."

"ஏன் விக்கிறீங்கள்?"

"கை சரியில்லை, தம்பி."

அவர் என் கையைப் பார்த்தார், பிறகு பார்வையை எடுத்துவிட்டார். ஒருக்கால் ஓட்டிப் பார்க்கலாமோ என்று கேட்டார். விறாந்தையில் கிடந்த வேப்பம்பலகை ஒன்றைக் காட்டினேன். அவர் சட்டம் வைக்கவில்லை, கோடும் கீறவில்லை. ஒரு காலைப் பலகையில் ஊன்றி, குனிந்து, ஒரே மூச்சில் அறுத்தார். விழுந்த துண்டைக் கையில் எடுத்து விளிம்பைத் தடவினார்.

"நல்ல சாமான்," என்றார். "நல்ல பலகையும். விக்கிறீங்களோ?"

பலகையை விற்கும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. ஆனால் அவர் கேட்ட உடனே ஓம் என்றேன். அடுத்த கிழமை பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் ஒன்றில் வந்து ஏற்றிக்கொண்டு போனார். ஏற்றும்போது ஒவ்வொரு பலகையாக, எது சோக் வட்டம் போட்ட இடத்துக்குக் கிட்ட வந்தது, எங்கே இரும்பு இருக்கலாம் என்று சொல்லிவிட்டேன். அவர் கவனமாகக் கேட்டார். அடியில் இருந்த இரண்டு பலகையில் கறையான் ஏறியிருந்தது. அதை எரிக்க எடுத்தோம்.

இந்த வருட முடிவோடு நான் பாடசாலையை விடுகிறேன். எழுத முடியாத கணித ஆசிரியரை அவர்கள் இவ்வளவு காலம் பொறுத்ததே பெரிது. பகல் பொழுது நீளமாக இருக்கிறது. ஒரு மாத்திரைக்கும் அடுத்ததுக்கும் இடையில் ஒன்றரை மணித்தியாலம் அளவில் கை நான் சொல்வதைக் கேட்கும். அந்த நேரத்தில் அரிசி களைவேன், சீப்பால் தலை இழுப்பேன், கடிதம் ஏதும் இருந்தால் கையெழுத்து வைப்பேன். மற்ற நேரம் கையை மடியில் வைத்து மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருப்பேன்.

மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. அவள் பிள்ளை வயிற்றோடு இருக்கிறாள், பிறந்த பிறகு சொல்லலாம் என்று அவர் சொல்கிறார். நானும் சம்மதித்தேன். போன ஞாயிறு தொலைபேசி எடுத்துக் கதைக்கும்போது கேட்டாள்.

"அம்மா, மேசை எந்தளவில நிக்குது?"

"பலகை இன்னும் காயேல்லை, பிள்ளை. வேம்பெல்லோ, நேரமெடுக்கும்."

"ஆறுதலாச் செய்யுங்கோ. அவசரமில்லை."

கணவர் பக்கத்தில்தான் இருந்தார். எழும்பி வெளியே போய், வெறும் விறாந்தையில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தும்புத்தடியை எடுத்துக் கூட்டத் தொடங்கினார்.